குருசாமி கட்டிய பின்பலகை

என் தங்கச்சி செல்லக்கனியின் புருஷன் குருசாமிக்கு உட்கார வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நோயாகச் சொல்கிறேன். சினிமாவுக்குப் போனால் இடைவேளை மணி அடிப்பதற்குள் எழுந்து போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பான். பஸ் ராஜபாளையம் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே படியிலிருந்து குதித்துவிடுவான். அப்படிக் குதித்து எங்கே போகிறான் என்றால், டீக்கடைக்கு. கல்யாணத்தன்று மேளக்காரருக்குச் சைகை காட்டுவதற்கு முன்பே தாலியைக் கையில் எடுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற நான்தான் தோளை அமுக்கிப் பிடித்து வைத்தேன். அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆள் நல்லவன், குடிக்க மாட்டான், கையில் தொழில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

அவன் தொழில் பழகியது ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில். அங்கே பஞ்சைச் சரமாக நீட்டி, இடுப்பு உயரமுள்ள ஃபைபர் கேன்களுக்குள் சுருள் சுருளாக இறக்குவார்கள். தள்ளுகிற தள்ளில் அந்தக் கேன்கள் இடிபட்டு வெடித்துக்கொண்டே இருக்கும். அவற்றை ஒட்டுவது குருசாமியின் வேலை. கண்ணாடி நாரில் செய்த மேட்டை வெடிப்பின் மேல் வைத்து, ரெசின் என்கிற பசையில், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலந்து பிரஷ்ஷால் தடவி, இறுகும் வரை விட்டுவிட வேண்டும். ஆனால் மேட் மதுரையிலிருந்து வர வேண்டும், மில்லோ நிற்கக் கூடாது. அதற்கு அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். பக்கத்துச் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். செல்லக்கனியே அந்தத் துணியை வாங்கி வந்து ரோல் சுற்றிக் கொடுக்கிறவள். மேட் தீர்ந்துபோனால் பேண்டேஜ் துணியை நாலாக மடித்து வைத்து ரெசினைத் தடவுவான். ஹார்ட்னரையும் தாராளமாக ஊற்றுவான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கல் மாதிரி ஆகிவிடும். கேனுக்குள் விழப்போவது காய்ந்த பஞ்சுதானே, அந்த ஒட்டுகள் வருஷக்கணக்கில் நின்றன. மில்லில் அவனுக்கு நல்ல பெயர். இருந்தும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தான். ஏனென்று கேட்டதற்கு, "ஒரே கேனையே எம்புட்டு நாளைக்கு மச்சான் பாத்துக்கிட்டு இருக்கது" என்றான்.

அதன் பிறகு பஸ் பாடி கட்டும் இடத்தில் கொஞ்ச காலம், கோழிப்பண்ணையில் கொஞ்ச காலம். தண்ணீர்த் தொட்டி செய்து விற்கிறேன் என்று அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு ஷெட்டைப் பிடித்தான். தொட்டிகள் பாதியில் நின்றன. செல்லக்கனி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே ரோல் சுற்றிச் சுற்றி வீட்டை ஓட்டினாள். எனக்குத்தான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

தொண்ணூறாம் வருஷம் சித்திரையில்தான் அந்த போட்டு, அதாவது படகு, வந்தது. பிளவக்கல் அணையில் மீன் பிடிக்கிற இருளப்பசாமி எனக்குப் பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுக்கு அவருடைய மீன் நான் ஓட்டும் லாரியில்தான் வரும். பரிசலில் துடுப்புப் போட்டுத் தோள்பட்டை விட்டுப்போச்சு என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் அவருடைய சம்பந்தக்காரர் வீட்டுப் பின்புறம் ஒரு பழைய ஃபைபர் போட்டு கவிழ்ந்து கிடந்தது. துறைமுகத்துக்கு நூல் பெட்டி இறக்கப் போனபோது, திரும்பும் வண்டியில் அதை ஏற்றி வந்து குருசாமியின் ஷெட்டில் இறக்கினேன். கடலே இல்லாத ஊரில் போட்டைப் பார்த்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஷெட்டுக்கு எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் ராஜு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "ஏமிரா குருசாமி, நம்ம ஊரு முங்கப் போவுதுன்னு எவனும் சொன்னானா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. குருசாமி சிரிக்கவில்லை. போட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். ஒரு வேலையின் மீது அவனுக்கு அப்படி ஓர் ஆசை வந்து நான் பார்த்ததில்லை.

அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளமும் கீறலுமாக இருந்தது. கடல் மணலில் இழுத்து இழுத்து நடுமுதுகு தேய்ந்திருந்தது. அதையெல்லாம் அவன் ஒழுங்காகவே செய்தான், இல்லாததைச் சொல்ல மாட்டேன். கொப்புளங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தான். கிரைண்டர் பிடித்துத் தேய்த்தான். ஃபைபர் தூள் பட்டு உடம்பெல்லாம் அரிக்க, தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடியும் தேய்த்தான். மேட் வைத்து அடிப்பக்கத்தைப் புதிதாகவே ஆக்கினான். பிறகு போட்டை நிமிர்த்தி, மோட்டார் மாட்டுகிற பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தான். மற்ற இடமெல்லாம் கணீரென்று கேட்க, அங்கே மட்டும் சாக்கு மூட்டையைத் தட்டுவது போலக் கேட்டது. உள்பக்கத்து ஃபைபரை அறுத்துத் திறந்தால், நடுவில் இருந்த பிளைவுட் ஊறிய புண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது.

அன்றைக்கு இருளப்பசாமியும் வந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தம்பி, மத்ததெல்லாம் ஒன் இஷ்டம். இந்தப் பலகைய மட்டும் பாத்துச் செய்யி. மோட்டாரு தொங்குறது இதுலதான். இது பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா செத்த நேரத்துல போட்டு முங்கிரும்."

"எம் பொறுப்பு அண்ணாச்சி. என் உசுரு இருக்க மட்டும் கேரண்டி" என்றான் குருசாமி.

புதுப் பிளைவுட்டை வெட்டிப் பொருத்தினான். அதன் மேல் ஒரு வரிசை மேட் வைத்தான். இன்னும் நாலைந்து வரிசை வைக்க வேண்டும். அங்கே மேட் தீர்ந்துபோனது. மதுரைக் கடையில் கேட்டால், மெட்ராஸ் லாரி அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள். வரட்டுமே! அணையில் அப்போது தண்ணீரே கிடையாது. மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை பெய்தால்தான் போட்டுக்கு வேலை. இருளப்பசாமி அவசரப்படவில்லை, யாரும் அவசரப்படவில்லை. ஆனால் குருசாமியால் பாதி வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் அலைந்தான். ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குள் வந்து, செல்லக்கனி சுற்றுவதற்கு வைத்திருந்த பேண்டேஜ் துணியில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

"எதுக்குங்க அது?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஷெட்டுக்கு" என்றவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

மில் கேனுக்குச் செய்ததைத்தான் அங்கேயும் செய்திருக்கிறான். துணியை மடித்து மடித்து வைத்து ரெசினில் முக்கி, மேலே மிச்சமிருந்த துண்டு மேட்டை ஒட்டி, பெயின்ட்டும் அடித்து மூடிவிட்டான். சாயங்காலம் நான் போனபோது நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. பின்பலகையைத் தட்டிக் காட்டினான். கணீரென்றுதான் கேட்டது. எனக்கு என்ன தெரியும்? முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் அணைக்குத் தண்ணீர் வந்தது, போட்டும் இறங்கியது. மோட்டார் வைத்து இருளப்பசாமியும் அவருடைய மகன் தனுஷ்கோடியும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். தனுஷ்கோடிக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணமாகியிருந்தது. புதுப்பொண்டாட்டி முன்னால் வேண்டுமென்றே சாய்த்துச் சாய்த்து ஓட்டினான். குருசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. அணையில் ஓடுகிற போட்டையே கட்டினவன் என்று நாலு பேர் தொட்டி கேட்டு வந்தார்கள். ஷெட்டுக்கு போர்டு எழுதி மாட்டினான். செல்லக்கனி முகத்திலும் சிரிப்பைப் பார்த்தேன். ஒருவழியாகக் கரையேறிவிட்டார்கள் என்று நம்பினேன்.

கார்த்திகையில் விடாத மழை. முன்பு மில்லை விட்டு வந்தபோது குருசாமி ஒரு கழிவுக் கேனைக் கொண்டுவந்திருந்தான். அதன் வெடிப்பையும் அடியையும் பேண்டேஜ் வைத்து அடைத்துக் கொடுத்ததை, செல்லக்கனி நெல் போட்டு வைக்க உபயோகித்துக்கொண்டிருந்தாள். நெல் காலியானதால், அந்த மழைக்கு அதைக் கூரைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைத்தாள். சில நாள் தண்ணீர் நின்றது. ஒரு காலையில் பார்த்தால் கேன் காலி, முற்றமெல்லாம் ஈரம். குருசாமி குனிந்து ஒட்டைத் தொட்டான். அது உரிந்து கையோடு வந்தது. இறுகிய ரெசின் ஒரு பக்கம் தகடாக நிற்க, துணி தண்ணீரைக் குடித்து உப்பி, நூல் நூலாகத் தொங்கியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். செல்லக்கனிக்கு அந்த மத்தியானமும் துணிக்கட்டும் ஞாபகம் வந்துவிட்டன.

"அந்த போட்டுலயும் இதத்தான் வெச்சீகளா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ்ஸுக்குப் போனான்.

அன்றைக்கு பிளவக்கல் போய், ஒரு வாரத்துக்கு போட்டைத் தாங்க, ஒரு கோட் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று இருளப்பசாமியிடம் கேட்டிருக்கிறான். அவர் சிரித்தாராம்.

"வருசத்துக்கே மீனு விழுறது இப்பத்தான். இப்பப் போயி பெயின்ட்டாம்ல. குதிர மாதிரி ஓடுது தம்பி. கோடையில பாத்துக்கிடலாம் போ."

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே போட்டு கரையேறியிருக்கும். சொன்னால் போர்டு என்னாவது, வந்த தொட்டி வேலை என்னாவது, கேரண்டி என்று அடித்த சவடால் என்னாவது! வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அவன் ஒன்று செய்தான். "மீன் பிடிக்கது எப்படின்னு பாக்கணும் அண்ணாச்சி, செத்த நாளைக்கு நானும் கூட வாரேன்" என்று சொல்லி போட்டில் ஏறிவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

தினமும் ஏறினான். ராஜபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, என் வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரில் டீ குடித்துவிட்டு, அணைப்பக்கம் போகிற வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடிப்பான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நாலெட்டு அந்தப் பக்கம், நாலெட்டு இந்தப் பக்கம். பஸ் வரும் திசையையே பார்ப்பான். போட்டில் ஏறினால் பின்பலகைக்குப் பக்கத்தில்தான் உட்காருவான், ஒரு கையைப் பலகை மேலேயே வைத்திருப்பான் என்று தனுஷ்கோடி சொல்லிச் சிரிப்பான். "பெத்த பிள்ளைய மடியில வெச்சிருக்கவுக மாதிரி அதத் தடவிக்கிட்டே வாராக அண்ணாச்சி." மோட்டாரை முறுக்கி வேகமெடுத்தால் மட்டும், "மெல்லப் போ, மெல்லப் போ" என்று கத்துவானாம்.

மடையன் நான், சந்தோஷப்பட்டேன். ஆள் இளைத்துக்கொண்டே வந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

"மாப்ளே, பொறந்ததுலருந்து மொத தடவையா ஒரு வேலையப் புடிச்சு நிக்குத. பெரிய ஆச்சரியந்தான்" என்று ஒருநாள் கேலி செய்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போலத்தான் இருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலையில் செல்லக்கனி ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குருசாமி ஏறிய பஸ்ஸிலேயே அவன் பார்க்காதபடி ஏறி வந்திருக்கிறாள்.

"அண்ணே, வண்டிய எடு. அணைக்குப் போவணும்."

வழியில்தான் எல்லாவற்றையும் சொன்னாள். போனதும் அவன் சட்டையைப் பிடித்து ரெண்டு அறை விட வேண்டும் போலிருந்தது.

"நான் போயி இருளப்பசாமி அண்ணாச்சிட்டச் சொல்லுதேன்" என்றேன்.

"நீ வாயத் தொறக்கப்பிடாது. நானும் சொல்ல மாட்டேன். நாம சொன்னா, ஓடி ஒளிஞ்சவரா ஆயிருவாரு. அவரு வாயாலதான் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

அவள் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. இருளப்பசாமி முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். தனுஷ்கோடி மோட்டாருக்குப் பக்கத்தில், குருசாமி வழக்கம்போலப் பலகை ஓரத்தில். அணை விளிம்பு வரை நிறைந்து, காற்றில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. செல்லக்கனி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போனாள். போட்டின் விளிம்பைப் பிடித்து உள்ளே ஏறி, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் எவருக்கும் நீச்சல் தெரியாது. அவள் குளத்தில் இறங்கிக்கூட நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, நீ எங்க வந்தே? எறங்கு" என்றான் குருசாமி.

"நீங்க கட்டுன போட்டுதானே. நானும் ஒரு சுத்து பாத்துட்டு வாரேன்."

"எறங்குன்னு சொல்லுதேன்ல."

இருளப்பசாமிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "வரட்டும்பா. அவியளுக்கும் ஆச இருக்காதா? ஏலே, வண்டிய எடு" என்றார்.

தனுஷ்கோடி நீண்ட மூங்கிலை ஊன்றித் தள்ளினான். போட்டு ஆழத்துக்கு நகர்ந்தது. நான் கரையில் நின்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். செல்லக்கனி திரும்பி என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். மோட்டார் கயிற்றை தனுஷ்கோடி கையில் சுற்றினான். குருசாமி அவளைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். தனுஷ்கோடி கயிற்றை இழுக்கப் போனான். குருசாமி பாய்ந்து அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"இழுக்காத. வேண்டாம். பலக ஆகாது."

"என்னது?"

"பின்பலக ஆகாது அண்ணாச்சி. உள்ள மேட்டு இல்ல. பேண்டேஜ் துணிய வெச்சு மூடிட்டேன். ஊறியிருக்கும். எப்ப வேணாலும் பிச்சுக்கிடும்."

கத்திச் சொன்னான். எனக்குக் கரை வரை கேட்டது.

மூங்கிலாலேயே தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மோட்டாரைக் கழற்றச் சொன்னார் இருளப்பசாமி. போல்ட் உருவியதும் ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. அது நிற்கவே இல்லை. ஒரு மூலையில் மயிரிழை போல விரிசல் இருந்தது. குருசாமி அதில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். உள்பக்கத்து ஃபைபர் பாதிப் பலகை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது, பின்னாலேயே பேண்டேஜ் துணி சொதசொதவென்று. தனுஷ்கோடி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தான்.

இருளப்பசாமி அடிக்கவில்லை, வையவில்லை. நானாக இருந்தால் இரண்டும் செய்திருப்பேன்.

"எப்பருந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார்.

"கார்த்திகையில தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுதான் தெனம் வந்து ஏறுனியா? நீச்சலு தெரியுமா?"

குருசாமி தலையை ஆட்டினான், தெரியாது என்று.

"எங்கூடச் சாவதுக்கு ஏறியிருக்கே. அதுக்குத் தைரியம் இருந்திருக்கு. ஒரு வார்த்த சொல்லுததுக்கு இல்லாமப் போச்சாலே?"

குருசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதுவரை கல்லாக நின்ற செல்லக்கனி, ஈரச் சேலையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"அவியட்டச் சொல்ல வரல, சரி. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "தெனம் விடிய முன்ன எந்திரிச்சு ஒங்களுக்குச் சோறு கட்டிக் குடுத்தேன். சாயந்தரம் அந்தத் தூக்குவாளி மட்டும் வீட்டுக்கு வந்துருமோ வந்துருமோன்னு வாசல்லயே நின்னேன். நீங்க பஸ்ஸ விட்டு எறங்கி வரக்குள்ள ஒவ்வொரு நாளும் நான் தாலியறுத்துத் தாலியறுத்து முடிச்சேங்க."